நேர்ந்துவிட்ட கன்று

கோயில் காளை செத்துப்போன சேதியோடு சாமிக்கண்ணு திருவதிகையிலிருந்து முதல் ரயிலைப் பிடித்துச் சிதம்பரம் வந்து சேர்ந்தபோது, அம்பலவாணன் கீழ வீதி வீட்டில் உட்கார்ந்து, காப்பியில் பால் குறைகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பென்ஷன் வாங்க ஆரம்பித்த மனுஷனுக்கு வேறென்ன வேலை? ஒரு வருஷமாகக் காப்பியும் கறிவேப்பிலையும்தான் அவருடைய ஆராய்ச்சிக்கு அகப்பட்டிருந்தன.

சாமிக்கண்ணு கோயில் மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவன். முந்தின நாள் சாயங்காலம் கரும்புக் கொல்லையில் காளையைப் பாம்பு தீண்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் உயிர் போய்விட்டதாம். சாமிக்கு நேர்ந்துவிட்ட மாட்டை அங்கே சும்மா புதைத்துவிட மாட்டார்கள். விட்டவர்கள் வீட்டிலிருந்து கோடித் துணி வந்து, அதைப் போர்த்திய பிறகுதான் குழியில் இறக்குவார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தான்.

அவர் மனைவி பாலாம்பாள் அடுக்களை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அந்தக் காளையைக் கன்றாக இருந்தபோது கோயிலுக்கு விட்டவள் அவள்தான். சாமிக்கண்ணுவுக்கு இட்லி வைத்தாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு கையில் கோடித் துணிப் பொட்டலம். இன்னொரு கையில் அம்பலவாணனுடைய பழைய தோல் பை.

அந்தப் பையில் கத்தி, கத்தரிக்கோல், தையல் ஊசி, பீங்கான் தட்டு, பூதக்கண்ணாடி எல்லாம் இருந்தன. பரணில் போட்டதோடு அவர் அதை மறந்திருந்தார். எதற்கு எடுத்தாய் என்று கேட்டார்.

"இருக்கட்டும், எடுத்துக்கிட்டு வாங்க. மூக்கைப் பாத்துடலாம்" என்றாள்.

நாலைந்து வருஷமாக அவர்கள் இருவரும் எடுக்காத பேச்சு அது.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பரங்கிப்பேட்டை தாண்டி, கடலூர் துறைமுகத்தில் மீன் கூடைகள் ஏறி, வண்டி திருப்பாதிரிப்புலியூரை நெருங்கியதும் இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம்தான் மஞ்சக்குப்பம். அவர்கள் குடியிருந்த வீடு ரயிலிலிருந்து தெரியாது. தெரியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தார்கள்.

அம்பலவாணன் மாட்டு டாக்டர். சிதம்பரத்தில் சபாநாயகர் கோயிலைச் சுற்றிக் குடியிருக்கிற குடும்பங்களில் ஒருவன் மதராஸ் போய்ப் படித்துவிட்டு மாட்டு வாலைத் தூக்கிப் பார்க்க வந்தால் என்ன பேசுவார்களோ அதெல்லாம் அவரையும் பேசினார்கள். பெண் கொடுக்கத் தயங்கினார்கள். கொடுத்தவர்களும், "மாப்பிள்ளை கவர்மெண்டு டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். யாருக்கு டாக்டர் என்று கேட்டால் தாம்பூலத் தட்டை நகர்த்தினார்கள்.

நாற்பதாம் வருஷம் அவரைக் கடலூருக்கு மாற்றினார்கள். அந்தப் பக்கத்து உழவு மாடுகளுக்கு ஒரு பொல்லாத நோய் இருந்தது. மூக்குக்குள் சதை வளர்ந்து, மூச்சு விட முடியாமல் மாடு நின்ற இடத்தில் குறட்டை விடும். ஊரில் அதைக் கொறட்டை நோய் என்றார்கள். ஏரில் கட்டினால் நாலு சால் ஓட்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு நின்றுவிடும். அதற்குக் காரணம் மயிரிழைப் பருமனுள்ள ஒரு புழு. மூக்கில் ரத்தம் ஓடுகிற நரம்புக்குள் குடித்தனம் நடத்தும். அதன் குஞ்சுகள் குளத்து நத்தைகளின் வயிற்றில் வளர்ந்து தண்ணீரில் இறங்கி, குளிக்க வருகிற மாட்டின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இவ்வளவையும் வேறு பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மருந்துதான் சரியாக இல்லை.

அம்பலவாணனை ஒரு எண்ணம் பிடித்து ஆட்டியது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிற வெக்கை நோய்க்கு ஊசி போடுகிறோமே, புழுவுக்கு ஏன் ஊசி இருக்கக்கூடாது? அந்தப் புழுக்குஞ்சுகளையே அரை உயிராக்கி மாட்டின் உடம்பில் ஏற்றினால், உடம்பு அவற்றை அடையாளம் கண்டுகொள்ளாதா? பிறகு முழு உயிரோடு வருகிற புழுவை உள்ளே விடாமல் அடிக்காதா? மதராஸில் அவருடைய மேலதிகாரி சிரித்தார். கிருமி வேறு, புழு வேறு. புழுவுக்கு வாயும் வயிறும் பெண்டாட்டியும் உண்டு, அது ஊசிக்கெல்லாம் பயப்படாது என்றார். இருந்தாலும் மனுஷர் நல்லவர். செய்துதான் பாரேன், நாலு கன்றுக்குத் தீனிச் செலவு தருகிறேன் என்றார்.

அந்த நாலைந்து வருஷங்களைப்போல அவர்களுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உலகமெல்லாம் சண்டை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸே காலியாகி, சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு சிதம்பரத்துக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மஞ்சக்குப்பம் வீட்டுக் கொல்லையில் புருஷனும் பெண்டாட்டியும் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பாலாம்பாள் வாழை இலையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் நத்தையைத் தொட்டாள். தொட்ட பாவத்துக்கு ஒரு முழுக்கு, பூஜைக்கு முன் இன்னொரு முழுக்கு. ஒரு மாசத்தில் இலை போயிற்று. அப்புறம் ஒரு முழுக்கும் போயிற்று. காலை வெயிலில் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி நத்தையைப் போட்டு வைத்தால், புழுக்குஞ்சுகள் தூசி பறப்பதுபோல் வெளியே வந்து நீந்தும். எந்த பாட்டிலில் வந்திருக்கிறது என்று அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறதற்குள், "இதுலதாங்க" என்று அவள் நீட்டிவிடுவாள். இளங்கண். அவருக்குப் பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

மீன் விற்க வருகிற அஞ்சம்மாள் ஒருநாள் நத்தைக் கூடையைப் பார்த்துவிட்டாள். சைவ வீட்டம்மாவுக்கு நத்தைக் கறி மேல் ஆசை வந்துவிட்டது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். மறுநாள் கூடையில் நத்தையை மறைத்துக்கொண்டு வந்து, எப்படிச் சமைக்கவேண்டும், எவ்வளவு மிளகு போடவேண்டும் என்று குசுகுசுவென்று சொல்லிக்கொடுத்தாள். பாலாம்பாளும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். வேண்டியது நத்தைதானே. ஆறு மாசத்தில் டாக்டர் வீட்டில் தினமும் நத்தைக் குழம்பு என்று தெருவெல்லாம் பேச்சு. சிதம்பரத்துக்கும் அது போய், பாலாம்பாளின் அண்ணன் விசாரிக்க வந்தார். பாட்டிலில் புழு நீந்துவதைக் காட்டியதும் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஊர் திரும்பினார். அதை நினைத்து அவர்கள் எத்தனை நாள் சிரித்தார்கள்.

இப்போது ரயிலிலும் அம்பலவாணனுக்கு அந்த நினைப்பு வந்து சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தார். பாலாம்பாள் சிரிக்கவில்லை.

"நம்ம காளை அஞ்சு வருஷமா திருவதிகைக் குளத்துத் தண்ணியிலதானே கெடந்துது? அங்க நத்தை ஜாஸ்தின்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றாள்.

ஆமாம் என்றார்.

"அப்ப மூக்குல நெறைய புழு இருந்துதுன்னா, ஊசி பலிக்கலேன்னுதானே அர்த்தம்?"

அதற்கும் ஆமாம் என்றார். மாட்டு டாக்டர்களுக்கு மாட்டின் முகம் படிக்கத் தெரிந்த அளவு மனுஷி முகம் படிக்கத் தெரிவதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு மஞ்சக்குப்பத்தில் ஊசியைச் சோதித்துப் பார்க்க நாலு கன்றுகள் வாங்கினார். பிறந்ததிலிருந்து குளத்தில் கால் வைக்காத கன்றுகள். கிணற்றுத் தண்ணீர்தான், கொட்டகைதான். இரண்டுக்கு ஊசி, இரண்டுக்கு இல்லை. கடைசியில் நாலையும் நிஜப் புழு நீந்துகிற தண்ணீரில் நிறுத்துவது. சில மாசம் விட்டு நாலையும் அறுத்து மூக்கு நரம்பைத் திறந்து யாருக்கு எத்தனை புழு என்று பார்ப்பது. குறட்டை விடவில்லை என்பது மட்டும் போதாது. எருமைகள் மூக்கு நிறையப் புழுவை வைத்துக்கொண்டு குறட்டையே விடாமல் ஜம்மென்று திரியும். சளியில் முட்டை இல்லை என்றாலும் போதாது. நரம்பைத் திறந்தால்தான் சாட்சி.

அறுக்க வேண்டும் என்பதை அவர் பாலாம்பாளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பசுவின் வயிற்றில் பிறந்ததன் மேல் கத்தி வைக்கப்போகிறேன் என்று கீழ வீதிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு மறுநாள் யார் கையால் சாப்பிடுவது? கடைசியில் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டபோது, "மூக்கைப் பாப்போம்" என்றார். பொய்யில்லை. டார்ச் அடித்துப் பார்ப்பார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவரும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவள் கன்றுகளுக்குப் பெயர் வைத்தாள். வைக்காதே என்று அதட்டினார், காரணம் சொல்லவில்லை. ஊசி போட்டதில் வெள்ளைக் கன்றுக்குத் தில்லை என்று பெயர்.

ஊசி போட்டு முடித்த சமயம் திட்டக்குடிப் பக்கம் வெக்கை நோய் கண்டு, அவர் முகாமுக்குப் போகவேண்டி வந்தது. அவர் இல்லாதபோது ஊசி போட்ட இரண்டு கன்றுக்கும் ஜுரம் கண்டது. ஒன்று செத்தது. தில்லை தலையைத் தரையில் போட்டுவிட்டது. தனியாக இருந்த பாலாம்பாள் என்ன செய்வாள்? கஞ்சி புகட்டினாள், ஒத்தடம் கொடுத்தாள், தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கன்றைவிட அவருடைய வேலையைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. இதுவும் போய்விட்டால் மனுஷன் என்ன ஆவார்? திருவதிகை வீரட்டானேசுவரருக்கு வேண்டிக்கொண்டாள். இது பிழைத்து எழுந்தால் இதையே உனக்கு விட்டுவிடுகிறேன் என்றாள்.

தில்லை எழுந்தது. அவர் வந்து பார்த்துப் பூரித்துப்போனார். சோதனையெல்லாம் முடியட்டும், பிறகு வேண்டுதலைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் இருந்துவிட்டாள். மூக்கைப் பார்த்ததும் கோயிலுக்கு ஓட்டிவிடலாம், அதில் என்ன கஷ்டம்?

மூன்று கன்றையும் புழுத் தண்ணீரில் நிறுத்தினார். அடுத்த அறுவடைக்குள் ஊசி போடாத இரண்டும் குறட்டை விட ஆரம்பித்தன. தில்லை விடவில்லை. மேலதிகாரி மதராஸிலிருந்து வருவதாகத் தேதி குறித்தார். என் கண் முன்னால் திறந்து காட்டு. நரம்பு சுத்தமாக இருந்தால் பெரிய கொட்டகை, இருபது கன்று, உதவிக்கு ஆள், எல்லாம் நான் வாங்கித் தருகிறேன் என்றார். அன்றைக்குத்தான் அம்பலவாணன் பெண்டாட்டியிடம் வாயைத் திறந்தார். அவளும் அன்றைக்குத்தான் திறந்தாள்.

கொட்டகையில் அவள்தான் கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன். சொன்னவ நான், சாமி என்னையே கேட்டுக்கட்டும்."

இதை அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் ஓட்டிக்கொண்டு போயிருப்பார். அழுதிருந்தாலும் போயிருப்பார். நிதானமாகச் சொன்னாள். அவருக்குச் சாமி மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அவளுக்கு இருந்தது. என்ன தண்டனை வந்தாலும் தான் ஏற்றுக்கொள்வதாக மனசார நம்பித்தான் அந்தக் கயிற்றைக் கொடுக்கிறாள் என்று தெரிந்தது. கன்றை மறுபடியும் முளையில் கட்டிவிட்டார்.

மறுநாள் தில்லையைத் திருவதிகைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். தொடையில் சூலக்குறி போட்டு அவிழ்த்து விட்டார்கள். மேலதிகாரி வந்தார். குறட்டை விடுகிற இரண்டு கன்றுகளையும் பார்த்தார். மூன்றாவது எங்கே என்றார். கோயிலுக்குப் போய்விட்டது என்றதும் சிரிக்கவில்லை, திட்டவில்லை. டீ குடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். தீனிச் செலவு நின்றது. அம்பலவாணனை நத்தையே இல்லாத வறண்ட ஜில்லாவுக்கு மாற்றினார்கள். அங்கே வெக்கை நோய்க்கு ஊசி போட்டுப் போட்டே பென்ஷனுக்கு வந்தார். ஒருநாளும் அவளைக் குறை சொன்னதில்லை. அவளும் பேச்செடுத்ததில்லை. சிரிப்பு மட்டும் மஞ்சக்குப்பத்தோடு நின்றுபோயிற்று.

பண்ருட்டியில் இறங்கி ஜட்கா பிடித்தார்கள். திருவதிகையில் கெடிலக் கரைத் தோப்பில் குழி வெட்டித் தயாராக இருந்தது. காளை மஞ்சள் பூசி, மாலை போட்டு, வைக்கோல் மேல் கிடந்தது. நல்ல வளர்ச்சி. அந்த ஜுரக் கன்றா இது என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. சுற்றி ஊரே நின்றது.

பாலாம்பாள் கோடித் துணியைப் பிரிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் கலியமூர்த்தியிடம் நேரே போய், இவர் மாட்டு டாக்டர், மூக்கைக் கொஞ்சம் திறந்து பார்க்கவேண்டும் என்றாள். கூட்டம் சலசலத்தது. சாமி மாட்டின் மேல் கத்தி வைப்பதா என்று கலியமூர்த்தி கேட்டார். அம்பலவாணன் வேண்டாம் வா என்று கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"நேந்து வுட்டவ நானுங்க. உயிரோட இருக்கறப்ப நான் கேக்கல. எங்க வூட்டுக்காரரு ஆசைப்பட்டதெல்லாம் இது ஒண்ணுதான். பாத்துட்டுத் தைச்சு, என் கையாலயே மஞ்சப் பூசிக் குடுத்துடறேன்."

கலியமூர்த்தி காளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஆட்களை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

அம்பலவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து கத்தியை எடுத்தார். தோலை விலக்கி, சவ்வை விலக்கி, நரம்பை எடுத்துத் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டுத் திறந்தார். ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை. மறுபக்கத்து நாசி. நரம்பெல்லாம் கழுவிவிட்டதுபோல் இருந்தன. குளமே கதியென்று கிடந்த மாட்டின் மூக்கில் ஒரு புழு இல்லை. பலித்திருக்கிறது! ஒரே ஒரு மாடுதான், நாலு பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான், ஆனாலும் பலித்திருக்கிறது. வாயைத் திறந்து சொல்ல நிமிர்ந்தார்.

பாலாம்பாள் முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் ரயிலில் அவள் கேட்டது அவருக்குப் புரிந்தது. நிறையப் புழு இருந்தால் ஊசி பலிக்கவில்லை. ஊசி பலிக்கவில்லை என்றால் அவள் எதையும் கெடுக்கவில்லை. நாலைந்து வருஷமாக அந்தப் புழுக்களைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இருக்கு" என்றார் அம்பலவாணன். "நெறைய இருக்கு."

சொல்லிக்கொண்டே தட்டுத் தண்ணீரைக் கொட்டப் போனார். அவள் அதற்குள் குனிந்து தட்டை வாங்கிவிட்டாள். வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் தூசியளவு குஞ்சைக் கண்டுபிடித்த கண். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க?" என்றாள்.

அவர் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மாலைக்கும் மஞ்சளுக்கும் நடுவே மண்ணில் உட்கார்ந்து, காளையின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பலிச்சிடுச்சு, இல்லீங்களா? செயிச்சிட்டீங்க" என்றாள். மறுபடியும் அழுதாள். அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தப்பு உன்மேல் இல்லை, அறுக்கப்போகிறேன் என்று முதலிலேயே நான் சொல்லியிருக்கவேண்டும் என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னார்.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றாள் பாலாம்பாள். குரலில் கோபம் இல்லை. "சொல்லியிருந்தீங்கன்னா நான் எதுக்குங்க கன்னுக்குட்டியை வேண்டிக்கப்போறேன்? கையில ரெண்டு வளையல் கெடந்துது. அதைக் குடுக்கறேன்னு சொல்லியிருப்பேன். சாமி அதையும் வாங்கிக்கத்தானே செஞ்சிருக்கும்."

அம்பலவாணன் பையை இழுத்துக்கொண்டார். மூக்கைத் தைக்கவேண்டும். பையிலிருந்து ஊசியை எடுத்து நூல் கோக்கப் பார்த்தார். இரண்டு மூன்று தரம் முயன்றும் துளை கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, நுனியை வாயில் நனைத்துக் கோத்துக் கொடுத்தாள்.